பச்சைமலை ஏற்றமும் ஒரு சொம்புத் தண்ணீரும்

பெரம்பலூர்ப் பக்கம் மேடே கிடையாது என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அதனால் கிளம்பிய பயணம் இது. இந்த வருடம் (2007) பொங்கல் முடிந்த கையோடு கிளம்பினேன்.

சொன்னவர் மூத்தோர் ஓட்டப் போட்டிகள் நடத்தும் ஒரு சங்கத்தின் செயலாளர். அவர் பெயரையும் ஊரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்கு விளம்பரம். அவர்கள் சித்திரையில் ஒரு மலைச்சாலை ஓட்டம் வைத்திருக்கிறார்கள். ஆறு கிலோமீட்டர், முழுக்க ஏற்றம், அறுபது தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவு. எனக்கு அறுபத்திரண்டு. பெயர் கொடுக்கலாம் என்று பேசினேன்.

"எந்த ஊர் சார்?"

"அரியலூர்."

"அது சுண்ணாம்புக் காடாச்சே. பெரம்பலூர் வரைக்கும் போனாலும் மேடே கிடையாதே சார். மலை ஏறிப் பழகாதவங்க பாதியில நின்னுட்டா ஜீப் அனுப்பித்தான் தூக்கணும். நீங்க மைதானத்துல நடக்கிற நடைப்போட்டிக்கு வாங்களேன்."

நடைப்போட்டி. ஒன்பது வருடமாக ஓடுகிறவனிடம் சொல்கிற சொல்லா இது? அரிசி மில்லில் ஃபிட்டராக இருந்தவன் நான். சர்க்கரை வந்தபோது டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது சலித்துப்போய் ஓடினேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, எந்தப் பயிற்சியாளர் முன்னும் கைகட்டி நின்றதில்லை. எப்படி மூச்சு விடுவது, எந்தக் கால் முதலில் வலிக்கும் என்பதெல்லாம் நானே ஓடிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அப்படித் தெரிந்துகொண்டதில் இரண்டு விதிகள் உண்டு. ஓடும்போது தண்ணீர் குடிப்பதில்லை. கிளம்பினால் முடிகிற இடம் வரை நிற்பதில்லை. நின்றால் அன்றைய ஓட்டம் கணக்கில் வராது. இரண்டும் தப்பு என்று படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

அவர் சொன்னது சரியென்றால் ஒத்துக்கொள்ளத் தயார். ஆனால் போய்ப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன். போட்டிக்குப் பெயர் கொடுக்க மாசிக் கடைசி வரை நேரம் இருந்தது. அதற்குள் அரியலூரும் சேர்ந்த நம் பெரம்பலூர் மாவட்டத்திலேயே ஆறு கிலோமீட்டர் ஏற்றம் ஒன்றைக் கண்டுபிடித்து, நிற்காமல் ஓடி ஏற வேண்டும். ஏறினால் பெயர் கொடுப்பது. நின்றுவிட்டால் வாயை மூடிக்கொண்டு நடைப்போட்டிக்குப் போவது. இதை என் மனைவியிடம் சொன்னேன். "நடைக்கே போங்களேன், சட்டையாவது கம்மியா அழுக்காகும்" என்றாள். துவைப்பது அவள். 

முதலில் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கினேன். அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்திலிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பி, சுண்ணாம்புக்கல் சுரங்கங்களை ஒட்டிப் போகும் மண்சாலை. தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டிக் கொட்டி அங்கே குன்றுகளே எழுந்திருக்கின்றன. விடிகிற வெளிச்சத்தில் அந்த வெள்ளைச் சரிவுகளைப் பார்த்தால், ஊரைத் திட்டிக்கொண்டே திரிகிற எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும். சுரங்கத்தின் அடியில் தேங்கிய தண்ணீர் பச்சையாக இருக்கும். நாரைகள் அதில் நின்றுகொண்டிருக்கும். லாரிகள் ஏழு மணிக்கு மேல்தான் வரும். அதற்குள் முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தூசியில் ஆள் மாவு மில்லிலிருந்து வந்தவன் மாதிரி ஆகிவிடுவான். அதற்காகவே ஒரு ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவேன். லாரி வந்தால் மூக்கில் கட்டிக்கொள்ளலாம். இந்தத் துண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று ஒரு வளைவில் சிவப்புக் கொடியோடு ஒருவர் வழியை மறித்தார். வெடி வைக்கிற நேரம். எப்போதும் மதியம்தான் வைப்பார்கள், அன்று என்னவோ காலையிலேயே.

"நில்லுங்க பெரியவரே."

"நான் நிக்கமாட்டேன்ப்பா. நின்னா கணக்குல வராது."

"கல்லு உங்க கணக்கக் கேட்டுக்கிட்டு வராதுங்க."

அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் நிற்கவில்லை. அவர் கொடிக்குப் பக்கத்தில், இருந்த இடத்திலேயே காலை மாற்றி மாற்றி ஓடிக்கொண்டிருந்தேன். வெடி அதிர்ந்தது, தூசி அடங்கியது, அவர் கொடியைச் சுருட்டினார். "இப்புடி ஒரு ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று வழிவிட்டார். தரை பாதத்துக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் மொத்தத்தில் சமதளம். மண்மேடுகளில் ஏற விடமாட்டார்கள். ஏறினாலும் ஒரு நிமிட ஏற்றம்தான்.

திரும்பும்போது டிவிஎஸ் ஃபிப்டியில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து, கூடவே வண்டியை ஓட்டினார். "ஏறுங்க பெரியவரே. எந்த ஊருக்கு? யாரு போயிட்டாங்க?" என்றார். யாரும் போகவில்லை, சும்மா ஓடுகிறேன் என்றேன். நம்பாமல் பார்த்துக்கொண்டே போனார். நம் பக்கத்தில் வயதானவன் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கோ ஒரு சாவு, அல்லது தவறவிட்ட பஸ். ஒன்பது வருடமாக இதே கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அன்றும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து காரை. அரியலூரிலிருந்து பஸ்ஸில் கொளக்காநத்தம் போய் இறங்கி, அங்கிருந்து ஓட்டமாகவே காரைக்குப் போனேன். ஊரைத் தாண்டியதும் தரை திடீரென்று உடைந்து, சிவப்பும் மஞ்சளும் சாம்பலுமாகப் பள்ளத்தாக்குகள் விரிகின்றன. மழை அறுத்து அறுத்துச் செய்த இடம். மரம் கிடையாது. கால் வைக்கிற இடமெல்லாம் கல்லாகிப்போன சிப்பிகள், நத்தை போலச் சுருண்ட கற்கள், பென்சில் துண்டு போன்ற கற்கள். எத்தனையோ கோடி வருடங்களுக்கு முன்னால் இது கடலாம். பல ஊர்களிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். அரியலூரில் என் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. கடற்கரையில் ஓடினேன் என்று சென்னைக்காரர்கள் எழுதுகிறார்கள். நான் கடலின் அடித்தரையிலேயே ஓடியிருக்கிறேன்.

ஓட்டக்காரர்களுக்குச் சொல்கிறேன், கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஒரு மணி நேரத்தில் தொடை நடுங்கிவிடும். ஓடைகளில் மணல் இருக்கிறது, சரிவுகளில் உதிரிக் கற்கள். மழை பெய்த மறுநாள் மட்டும் போகாதீர்கள். களி காலைப் பிடித்துக்கொண்டு செருப்பைக்கூடத் திருப்பித் தராது. கற்களைப் பொறுக்கி எடுத்து வராதீர்கள். அது அங்கேயே இருக்கட்டும்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஒரு மேட்டில் குந்தி என்னை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"சார், கல்லு பொறுக்க வர்றவங்கல்லாம் குனிஞ்சு நடப்பாங்க. நீங்க என்னத்தத் தொலைச்சீங்க?"

"ஒண்ணும் தொலைக்கலீங்க. ஓடிப் பாக்குறேன்."

"ஆடு தொலைஞ்சாக்கூட நான் இந்தப் பள்ளத்துல ஓடமாட்டேன்" என்றார்.

வெள்ளைக் கேன்வாஸ் ஷூ செங்கல் நிறமாகிவிட்டது. ஆனால் இங்கேயும் எல்லாம் துண்டு துண்டு ஏற்றம்தான். ஒரே மூச்சில் ஆறு கிலோமீட்டர் இல்லை.

மறுநாள் ரஞ்சன்குடி. முந்தின நாளே பெரம்பலூர் வந்து சித்தப்பா மகன் வீட்டில் தங்கிவிட்டேன். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் போகிற டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். கோட்டை சாலையிலிருந்தே தெரியும். வழவழப்பான பாறைமேல் உட்கார்ந்திருக்கிற கோட்டை. சுற்றி அகழி, உள்ளே படி, மேலே போனால் காற்று ஆளைத் தள்ளும். நாலு திசையிலும் மக்காச்சோளமும் பருத்தியும் கரிசலும். ஓட்டத்தை மறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். விதியை மீறவில்லை, அப்போது இன்னும் கிளம்பியிருக்கவில்லை.

ஓடக் கிளம்பியதும் வாசலில் இருந்த காவலாளி கூப்பிட்டார். "சார், உள்ள ஓடக்கூடாது."

"பலகையில எழுதியிருக்கா?"

அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். கிறுக்கக்கூடாது, இடிக்கக்கூடாது என்று இருந்தது. ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

"எழுதாட்டி என்ன சார். இந்த வயசுல யாரும் ஓடுவாங்கன்னு எழுதினவனுக்கு எப்படித் தெரியும்?"

 படிகளில் நாலு தடவை ஏறி இறங்கினேன், அவர் நாலு தடவையும் தலையில் அடித்துக்கொண்டார். கோட்டையைச் சுற்றி வெளியே ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது, அது அருமை. காலைப் பனியில் கோட்டைச் சுவரின் நிழலிலேயே ஓடலாம். ஆனால் ஏற்றம் என்று பார்த்தால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. செயலாளர் சொன்னதுதான் சரியோ என்று அன்று பஸ்ஸில் திரும்பும்போது முதல் தடவையாக நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மிச்சம் இருந்தது பச்சைமலை. பெரம்பலூரிலிருந்து பூலாம்பாடிக்கு முதல் பஸ் பிடித்தேன், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், டிக்கெட் பத்து ரூபாய். பஸ் அரும்பாவூர் பக்கம் போகும்போதே மேற்கே மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. மேடே கிடையாதாம். பஸ் ஜன்னலைத் தட்டி அந்த மனிதருக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது.

பூலாம்பாடி டீக்கடையில் முருகேசன் என்ற ஜீப் டிரைவரிடம் விசாரித்தேன். மலைமேல் இருக்கிற ஊர்களுக்கு ஆளும் அரிசி மூட்டையும் ஏற்றிப் போகிறவர். மலையடியிலிருந்து மேல் ஊர் வரை அவர் வண்டி மீட்டரில் ஆறரை கிலோமீட்டர், எல்லாம் ஏற்றம். கொண்டை ஊசி வளைவு நாலு.

"அங்க ஓடி யாராச்சும் ஏறுவாங்களா?"

"ஏறினது இல்லீங்க. எறங்கி ஓடினது உண்டு. தேனீ தொரத்திச்சு."

மலையடியில் ஜீப்பிலிருந்து என்னை இறக்கிவிட்டு, "மேல போயி சரக்க எறக்கிட்டு இதே வழிதான் வருவேன். முடியலன்னா ஓரமா உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோருக்கும் என்னைத் தூக்கிப் போவதில் ஏன் இவ்வளவு ஆசை என்று தெரியவில்லை.

ஏழு மணிக்கு ஓட ஆரம்பித்தேன். அந்தச் சாலையை எப்படிச் சொல்வது. செம்மண்ணில் சரளைக் கல் போட்ட ஜீப் தடம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். மூங்கில் சாய்ந்து தலைக்கு மேல் குடை பிடிக்கிறது. முதல் வளைவில் பூலாம்பாடி ஓட்டுக்கூரைகள் தெரிந்தன. இரண்டாவது வளைவில் ஏரி ஒரு தட்டு மாதிரி தெரிந்தது. மூன்றாவதில் சமவெளியே தெரிந்தது. அத்தனை வயலையும் ஒரே பார்வையில் வாங்கிக்கொள்ளலாம். காற்றில் புளியின் வாசம். எனக்கு மூச்சு சீராக வந்தது, தொடை சொன்னபடி கேட்டது. ஒன்பது வருடத்தில் இப்படி ஒரு பாதையில் நான் ஓடியதில்லை. வீட்டிலிருந்து இரண்டு பஸ் தூரத்தில் இதை வைத்துக்கொண்டு சுண்ணாம்புத் தூசியில் ஓடியிருக்கிறேன்.

மூன்றாவது வளைவைத் தாண்டியதும் சாலையோரம் மூன்று வீடுகள். முதல் வீட்டு வாசலில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா புளி தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"ஏங்க, கீழேருந்தா வரீங்க?"

"ஆமாம்மா, பூலாம்பாடிலேருந்து."

"ஓடியா வரீங்க?" உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு சாலைக்கு வந்துவிட்டார். "தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"வேணாம்மா" என்று கையைக் காட்டிவிட்டு ஓடினேன்.

"ஒரு வாய் குடிங்க."

"குடிக்கக்கூடாதும்மா."

"அப்ப நின்னு சொல்லிட்டாவது போங்க."

"நிக்க நேரமில்லம்மா, மேல போகணும்."

இதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவ்வளவுதான் பேசினேன். அடுத்த வளைவை நெருங்கும்போது பின்னால் ஒரு அலறல் கேட்டது. சொம்பு கல்லில் விழுந்து உருள்கிற சத்தம். பிறகு ஒப்பாரி.

யாரோ விழுந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மேலே சரிவில் கொடுவாளோடு நின்ற ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "பழனியம்மா அப்பாவுக்கா? எப்பங்க?"

"என்ன எப்ப?"

"உசுரு போனது."

அவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. அந்தப் பழனியம்மாவின் அப்பா கீழே பூலாம்பாடியில் மகன் வீட்டில் ஒரு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். மலையில் சாவு சேதி இன்றும் ஆள் வந்துதான் சொல்வது. சேதி கொண்டுவருகிறவர் வழியில் யார் கொடுத்தாலும் தண்ணீர் குடிக்கமாட்டார். மகளிடம் நேரே சொல்லமாட்டார். மேலே பங்காளி வீட்டில் முதலில் சொல்லி, அவர்கள் வந்துதான் மகளிடம் சொல்வார்கள். நானோ தோளில் துண்டு, தலை முழுக்க நரை, பூலாம்பாடியிலிருந்து ஓட்டம், தண்ணீர் குடிக்கக்கூடாது, நிற்க நேரமில்லை, மேலே போகணும்.

"நான் சாவு சொல்ல வரலீங்க. ஓட்டப் பயிற்சிக்கு வந்தேன்" என்றேன். அப்போதும் கால் நிற்கவில்லை. வெடிக்கொடிக்காரர் பக்கத்தில் ஓடியது போல நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தேன்.

"என்கிட்டச் சொல்லி என்னங்க பண்றது? நான் போயிச் சொன்னாலும் அது நம்பாது. மனசத் தேத்தறதுக்குச் சொல்றோம்னு நெனைக்கும். நீங்க போயி உக்காந்து அது கையால தண்ணி வாங்கிக் குடிச்சாத்தான் ஆச்சு."

"உக்காரணுமா?"

"பின்ன, குதிச்சுக்கிட்டா குடிப்பீங்க?"

மேல் ஊர் இன்னும் ஒன்றரை கிலோமீட்டர்தான். என் காலில் அதற்கான தெம்பு இருந்தது, மிச்சம்கூட இருந்தது. போய்த் தொட்டுவிட்டு வந்து சொன்னால் என்ன என்று ஒரு நினைப்பு வந்ததை மறைக்கவில்லை. போய் வர அரை மணி நேரம் ஆகும். கீழே அந்த அம்மா அழுகிற சத்தம் மலை முழுக்க எதிரொலித்தது. பக்கத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். உயிரோடு இருக்கிற மனிதருக்கு இன்னும் அரை மணி நேரம் ஒப்பாரி வைக்க விடுவதா?

திரும்பி இறங்கினேன்.

என்னைப் பார்த்ததும் அழுகை கூடியது.  புளியம்பழக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்தேன். "தண்ணி குடும்மா" என்றேன். அழுகை பாதியில் நின்றது. கூட இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பழனியம்மா கண்ணைத் துடைக்காமலே சொம்பைத் தேடி எடுத்து, கழுவி, மொண்டு கொண்டுவந்தார்.  அண்ணாந்து முழுச் சொம்பையும் குடித்தேன். "இன்னும் கொஞ்சம்" என்று இரண்டாவதும் வாங்கிக் குடித்தேன்.

"அப்ப எங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்லியா?"

"உங்கப்பாவ எனக்குத் தெரியவே தெரியாதும்மா."

"அப்புறம் எதுக்கு ஓடியாந்தீங்க?"

"சும்மாதான்."

"சும்மாவா?" அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "வயசான மனுசன் வேல வெட்டி இல்லாம மலைய ஓடி ஏறினா நாங்க என்னன்னு நெனைக்கிறது? கேட்டா நிக்கமாட்டாராம், தண்ணி குடிக்கமாட்டாராம். ஒங்க வூட்டுல யாரும் கேக்கறதில்லியா?"

"கேட்டுப் பாத்துட்டாங்கம்மா."

ஒரு பெண் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், பழனியம்மாவும்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. முருகேசனின் ஜீப் மேலிருந்து இறங்கி வந்தது. "அழுதது அழுதாச்சு, ஒரு எட்டுப் போயி அப்பாவப் பாத்துட்டு வந்துடறேன்" என்று பழனியம்மா ஏறிக்கொண்டார். நானும் ஏறினேன். முருகேசன் என்னைப் பார்த்த பார்வையை நான் கண்டுகொள்ளவில்லை. ஓட்டம் கணக்கில் வராது. யாருக்காக நின்றாலும் நின்றது நின்றதுதான்.

அடுத்த வாரம் திரும்பிப் போனேன். இந்தத் தடவை துண்டு கிடையாது. சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டேன், சேதி சொல்ல வருகிறவர் யாரும் சிவப்பில் வரமாட்டார். அதே ஏழு மணி. மூன்றாவது வளைவில் பழனியம்மா சாலை நடுவிலேயே சொம்போடு நின்றிருந்தார். டீக்கடையிலேயே முருகேசன் என்னைப் பார்த்துவிட்டு முன்னால் போய்ச் சொல்லியிருக்கிறார்.

"குடிச்சிட்டுத்தான் போகணும்" என்றார்.

"நின்னா கணக்குல வராதும்மா."

"ஒங்கள யாரு நிக்கச் சொன்னா?"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னோடு ஓட ஆரம்பித்துவிட்டார். செருப்பில்லாத கால், ஏற்றம், கையில் நிறைகுடம் மாதிரி சொம்பு. எனக்குச் சமமாக ஓடினார் என்று எழுத எனக்குக் கசக்கிறது. அவர் அரை அடி முன்னால் ஓடினார். ஓடிக்கொண்டே நீட்டினார், ஓடிக்கொண்டே வாங்கினேன். பாதி வாய்க்குள், பாதி சட்டையில். சொம்பைத் திருப்பிக் கொடுத்ததும், "போயி வாங்க" என்று நின்றுகொண்டார்.

மேல் ஊருக்குள் நுழையும்போது இன்னும் இரண்டு வீட்டில் சொம்போடு காத்திருந்தார்கள். வயிறு குடம் மாதிரி தளும்பியது. அப்படியே ஊர் முகப்பில் இருக்கிற பலா மரத்தைப் போய்த் தொட்டேன். ஆறரை கிலோமீட்டர், ஐம்பத்தெட்டு நிமிடம். எங்கும் நிற்கவில்லை. ஓட்டத்தில் தண்ணீர் கூடாது என்ற என் விதி மாறவில்லை. அந்த மலைக்கு மட்டும் தள்ளுபடி.

அன்று சாயங்காலமே செயலாளருக்குப் போன் செய்து பெயர் கொடுத்தேன். "எங்க சார் பழகினீங்க?" என்றார். பெரம்பலூர் மாவட்டம் என்றேன். "அங்க ஏது சார் ஏத்தம்?" என்றார். "வாங்க, காட்டுறேன்" என்றேன். இன்னும் வரவில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: தையும் மாசியும் நல்ல பருவம், பங்குனிக்கு மேல் வெயில் கொன்றுவிடும். காரைக்குப் புதிதாகப் போகிறவர்கள் இருவராகப் போங்கள், பள்ளங்களில் வழி குழம்பும். ரஞ்சன்குடிக்குக் குடும்பத்தோடு போகலாம், நீங்கள் ஓடும்போது அவர்கள் கோட்டையைப் பார்க்கட்டும். பூலாம்பாடியில் தங்க விடுதி கிடையாது, பெரம்பலூரில் தங்கி முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். மலையில் சரளைக்கு அடிப்பாகம் கெட்டியான ஷூ வேண்டும். இறங்கும்போது ஓடாதீர்கள், முழங்கால் போய்விடும். மேல் ஊரின் பெயரை நான் எழுதவில்லை, முருகேசனைக் கேட்டால் கொண்டுபோய் விடுவார். தோளில் துண்டு போடாதீர்கள். யார் தண்ணீர் கொடுத்தாலும் ஒரு வாயாவது வாங்கிக் குடியுங்கள்.

இரண்டாவது தடவை மலையிறங்கியதும் முருகேசன் என்னை நேரே பழனியம்மாவின் தம்பி வீட்டுக்குக் கூட்டிப்போனார். பழனியம்மாவின் அப்பா, அந்தப் பெரியவர், என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். உடம்பு ஒன்றுமில்லை, எலும்புதான். கண் மட்டும் நன்றாக இருந்தது.

"நீங்கதான் எனக்குச் சாவு சொல்லப் போன ஆளா?"

"தெரியாம நடந்துபோச்சுங்க."

"மகள் எம்புட்டு நேரம் அழுதா?"

"கால் மணி நேரம் இருக்கும்."

"அம்புட்டுத்தானா?" என்று மருமகளைப் பார்த்தார். மருமகள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

எனக்கு டீ வந்தது. நான் குடித்து முடிக்கட்டும் என்று அவர் காத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஜீப்புக்குக் காத்துக்கிட்டிருந்தா பொழுது போயிடும். எப்படியும் மாசி தாண்டமாட்டேன். நான் போனா நீங்களே ஓடிப்போயி மகள்கிட்டச் சொல்லிடுங்க. வெரசா போவீங்கன்னு சொன்னாங்க."

"அது இனிமே என்னால ஆவாதுங்க" என்றேன். "உங்க மக கையால தண்ணி குடிச்சிட்டேன்."

 "அப்படீன்னா இன்னொரு ஆளப் பாக்கணும்" என்றார். "அதுவரைக்கும் இருந்துதான் ஆகணும்."

நேற்று முருகேசனிடம் போனில் பேசினேன். மாசி முடிந்துவிட்டது. பெரியவர் இன்னும் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.